சாவிக்கொத்து

பஞ்சவர்ணத்தின் கையெழுத்து தங்கதுரையின் கார் சாவிக்கொத்தில் தொங்கியது. விரல் நீளத்தில் நீலக் குச்சி ஒன்று. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் டெண்டரில் அவள் கையெழுத்து விழும். வீடுகளுக்குச் சின்னச் சின்னச் சுவர்கள் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தவளை, பட்டியலினப் பெண்களுக்கு அரசு ஒதுக்கும் வேலைகளுக்காக அழைத்துப்போய் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துவிட்டவர் பெரிய கான்ட்ராக்டரான தங்கதுரைதான். "ஒனக்கெதுக்கு அலைச்சல், எங்கிட்டயே இருக்கட்டும்" என்று குச்சியை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு டெண்டர் வந்தபோது அவள் போய் நின்றாள். "மொதலாளி, அந்தக் குச்சியக் குடுங்க. இத நானே எடுத்துக் கட்டுறேன்." அவர் சிரித்தார். "நேத்தே ஒம்பேர்ல போட்டாச்சே! சித்தாளா வந்துடு."

அடுப்பு எரிய வேண்டும், போனாள். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த நாளில், 'ஒப்பந்ததாரர்: மு. பஞ்சவர்ணம்' என்ற பலகைக்கு நேர் கீழே, தலையில் சாந்துச்சட்டியோடு அவள் நின்றிருந்தபோது என்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யாருய்யா இந்த பஞ்சவர்ணம்? ஒருநாளும் ஆளையே காணோம்?"

கொத்தனார் குனிந்துகொண்டார். உண்மையைச் சொன்னால் கறுப்புப் பட்டியலில் ஏறப்போவதும் அந்தப் பெயர்தான்.

"இப்பத்தான் சார் வந்துட்டுப் போனாங்க" என்றார் தங்கதுரை, சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி.

என்ஜினீயர் தலையாட்டிவிட்டு, ஏதோ நினைத்தவராய் அவள் பக்கம் திரும்பினார்.

"உன் பேரு என்னம்மா?"

சுழன்றுகொண்டிருந்த சாவிக்கொத்து நின்றது.