சூளை பார்க்காத கல்

அந்தக் கல்லைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டேன். கோபத்தில்தான்.

"டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள கரைஞ்சிடும், பாருங்க" என்றேன், சுற்றி நின்றவர்களிடம்.

நிலை வைக்க வந்திருந்த சொந்தக்காரர்கள், பத்துப் பதினைந்து பேர். கடைக்காலுக்கு மேல் இன்னும் ஒரு வரிசைகூட ஏறவில்லை. மஞ்சள் பூசிய வாசக்கால் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. என் தங்கை வேல்விழி வாளியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகள் கனிமொழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

விருத்தாசலத்தில் பிறந்தவளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? பத்து வருஷமாகப் பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கிறவள். சுடாத பொம்மை உடைந்தால் தொட்டியில் போட்டு மறுபடி கூழாக்குகிறவள். சூளைக்குப் போகாத மண் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

அவளோ மனையில் தோண்டிய மண்ணோடு பத்துக்கு ஒன்று சிமெண்டு கலந்து, வேப்பூரிலிருந்து கை மெஷின் வாடகைக்கு எடுத்துவந்து, ஒவ்வொரு கல்லாக அமுக்கி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு மாதம் காத்திருந்திருக்கிறாள். சுடவே இல்லை. இதில்தான் புயல் தாங்கும் வீடு கட்டப்போகிறாளாம்.

ஒரு முறை பட்டது போதாதா? போன கார்த்திகைப் புயலில் சுவர் விழுந்துதான் அவள் வீட்டுக்காரர் திருமால் போனார். புயல்தான் காரணம் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையை இப்போது பச்சை மண் சுவருக்குள் படுக்க வைக்கப் பார்க்கிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதைவிட எரிந்தது வேறொன்று. கூடப்பிறந்த அண்ணன் மேஸ்திரி. இங்கிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் என் கை படாத தெரு இல்லை. வேலை முடிந்ததும் வாசலுக்கு மேலே, பூச்சு காய்வதற்குள், கரண்டி முனையால் 'கோ' என்று கீறிவிடுவேன். கோவிந்தராசு கட்டினது என்று நாலு பேருக்குத் தெரியவேண்டும். இவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதுபோலவே எனக்கும் போனில் சொன்னாள், நிலை வைக்கிறேன் வந்துவிடு என்று.

டீ வந்தது. குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு வாளியை எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. கல் போட்டபடி கிடந்தது, நாலு மூலையும் அப்படியே.

இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வேல்விழி பின்னலை முடித்துவிட்டு எழுந்தாள். கொட்டகைக்குள் போய் ஒரு துணி மூட்டையை எடுத்துவந்தாள். முடிச்சை அவிழ்த்து உள்ளே இருந்ததை என் கையில் வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுப் பூச்சுத் துண்டு. விழுந்த வீட்டில் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

"இதையும் போடுண்ணா."

அவள் கண்ணில் இருந்த கோபத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன்.

துண்டைச் சுற்றித் தண்ணீர் கலங்கியது. அதன் மேல் கீறியிருந்த 'கோ' இன்னும் தெரிந்தது.

அந்த வீட்டுக்கு வாங்கிய சிமெண்டில் எட்டு மூட்டை திட்டக்குடியில் நான் எடுத்திருந்த வேலைக்குப் போனது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன்.

யாரும் குனிந்து பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று கையை விட்டேன்.

கையில் மணல்தான் வந்தது.