பாயை இறக்கியவன்

முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருநூறு கஜம்கூட இல்லை. கோவிந்தன் தன் படகின் பாயை இறக்கிவிட்டான்.

கரையில் நின்ற மாணவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"என்னடா கோவிந்தா, தூக்கம் வந்திருச்சா?"

"ஊருக்குப் போற மாரண்டஹள்ளி பஸ்ஸு போயிரும்னு எறங்கிட்டான்டா!"

அருள்நாதனின் படகு தனியாகப் போய்க் கோட்டைத் தாண்டியது. முதலிடம். கை தட்டினார்கள். அருள் தலையைத் தூக்கவில்லை.

ஒட்டனூர்க் கரையில், அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கு நடந்த பாய்ப்படகுப் போட்டி அது. ஆளுக்கொரு படகு. முதலில் வருகிறவன் பெயர், பெங்களூரில் நடக்கும் கடற்படை அதிகாரி நேர்காணலுக்குப் போகும்.

அருளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். கம்பைநல்லூர் பக்கம் கல் உடைக்கிற அப்பா பிலவேந்திரன், "எம் மவன் கப்பலுக்குப் போறான்" என்று இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனால் தண்ணீரில் நடந்தது வேறு.

காற்றுக்கு எதிரே படகு நேராகப் போகாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பித் திருப்பித்தான் ஏற வேண்டும். அப்படி ஏறும்போது, வலப்புறமிருந்து பாயில் காற்று வாங்கி வரும் படகுக்குத்தான் வழி. திரும்பிக்கொண்டிருக்கிற படகுக்கோ எந்த உரிமையும் கிடையாது. திரும்பி முடிக்கும் வரை அதுதான் மற்றவர்களுக்கு வழிவிட்டு விலக வேண்டும்.

கோவிந்தன் வலப்புறம் காற்று வாங்கி நேராக வந்துகொண்டிருந்தான். அருள் அவசரப்பட்டு அவன் மூக்குக்கு முன்னால் திருப்பினான். திருப்பி முடிப்பதற்குள் இடித்துவிட்டது.

தப்பு அருளுடையது.

இந்தப் போட்டியில் விசில் ஊத நடுவர் கிடையாது. தப்பு செய்தவன் தானே பாயை இறக்கி விலக வேண்டும். அருளின் கை கயிற்றுக்குப் போனது, அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது, கை நின்றது. அந்த நொடியில்தான் கோவிந்தனின் பாய் சரசரவென்று இறங்கியது.

கரையேறியதும் அருள் அவனைத் தேடிப் போனான். கோவிந்தன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"ஏன்டா எறக்குன?"

"நாந்தானேடா திருப்பிக்கிட்டு இருந்தேன்? தப்பு என்னுது. வெலகிட்டேன்."

"நீயா? நீ நேரா வந்தடா. திருப்புனது நானு."

"யார்றா இவன்! இங்கிலீஷ் பேப்பரப் படிச்சு நீதானே எங்களுக்கெல்லாம் விதி சொல்லிக் குடுத்த? எனக்கு வெளங்குனது அவ்ளோதான். போய் சோறு தின்னு, போ."

அருளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ, நாம் சொல்லிக் கொடுத்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒருத்தன் ஜெயிக்க வேண்டிய போட்டியை விட்டுவிட்டானே. அது தெரிந்தும் பெங்களூருக்கு எந்த முகத்தோடு போவது? போகாவிட்டால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

கூடாரத்தில் பயிற்சியாளர் ராஜாமணி முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, அதிகாரி!"

"சார், தப்பு என்னுதுங்க சார். திருப்பி முடிக்கறதுக்குள்ள இடிச்சுட்டேன். கோவிந்தன் நேராத்தான் வந்தான்."

ராஜாமணி பேனாவைக் கீழே வைத்தார்.

"அவன் தன்னோட தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கானே?"

"அவனுக்கு விதி சரியாப் புரியலைங்க சார். நான் சொல்லிக் குடுத்ததுல கோளாறு. முதலிடத்த அவனுக்கே குடுத்துருங்க சார்."

ராஜாமணி பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சாச் சொல்லமாட்டேங்க சார்."

ராஜாமணி பட்டியலில் அருள்நாதன் பெயரை அடித்தார். அதற்குக் கீழே சேலத்துக் காலேஜ் மாணவன் ஒருவனின் பெயர் இருந்தது. அதற்கு நேரே 'ஒன்று' என்று எழுதினார்.

"சார், கோவிந்தன்..."

"வெலகின படகு வெலகினதுதான்ப்பா. கோட்டைத் தாண்டாதவனுக்கு எப்படி எடம் குடுக்க முடியும்?"

"அப்போ ரெண்டு பேருக்கும்..."

"ரெண்டு பேருக்கும் இல்ல."

அருள் வெளியே வந்தான். கரைப் பக்கம் நடந்தான். கவிழ்த்து வைத்திருந்த படகுகளுக்கு அந்தப் பக்கம் கோவிந்தனின் குரல் கேட்டது. கூடப் படிக்கும் பச்சியப்பனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"பச்சி, ஒன்னோட கறுப்பு ஷூ எட்டாம் நம்பர்தானே? ஒரு வாரத்துக்குக் குடுறா. அருளு கிழிஞ்சதப் போட்டுக்கிட்டா பெங்களூர் போவான்?"

"அவனுக்காகத்தான் பாய எறக்குனியாடா? கிறுக்கா!"

"எனக்கு அடுத்த வருஷம் இருக்குதுடா. அவனுக்கு இல்ல. இத மட்டும் அவங்கிட்ட ஒளறிராத. தெரிஞ்சா நேராப் போயி சார்கிட்ட ஒத்துக்கிட்டு வந்து நிப்பான்."