அறிவிப்பை மதித்த ஒருவர்

"எல்லாம் போச்சும்மா" என்றார் சர்மிடி ஆசிரியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தோனேசியாவில், பாண்டுங் கல்லூரியின் கணினி அறை. வெளியே நல்ல மழை. காலையிலிருந்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டிருந்த எடிட்டர் புரோகிராம் பாதியில் செத்து விழுந்துவிட்டது.

நடுவில் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. அடிக்கடி சேமித்தால் எல்லோருக்கும் பொதுவான டிஸ்க் நிறைந்து மற்றவர்களுக்குத் தொல்லையாகும் என்று நினைத்திருக்கிறார். அப்படி ஒரு மனிதர்.

அன்று கல்லூரி அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் படிப்பு விடுப்பும் முடிந்து, பட்டமும் இல்லாமல், காருட் ஊரில் தான் வேலை பார்த்த பழைய பள்ளிக்கே போய் நிற்க வேண்டியதுதான்.

அவர் கூப்பிட்டதும், அந்த யூனிக்ஸ் கணினியைப் பராமரிக்கும் இமாஸ் ஓடி வந்திருந்தாள். அவருக்கு மகள் வயது இருக்கும்.

"பதறாதீங்க சார். செத்த புரோகிராம் 'கோர்'னு ஒரு பெரிய ஃபைலைப் போட்டுட்டுப் போயிருக்கும். அது இருக்குல்ல?"

"அத அப்பவே அழிச்சுட்டேம்மா. நீதான எழுதிப் போட்டிருக்க."

போட்டவள் அவள்தான். கணினிக்குள் நுழைந்ததும் எல்லோர் திரையிலும் அந்த அறிவிப்பு வரும்: கோர் ஃபைல்கள் வெறும் குப்பை, கண்டதும் அழிக்கவும். துறையில் ஒருத்தரும் அதைச் சட்டை செய்ததில்லை. வாராவாரம் அவளேதான் திட்டிக்கொண்டே பெருக்கித் தள்ளுவாள்.

இமாஸ் விசைப்பலகைப் பக்கம் நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அழிச்சது தப்பா?"

"சேச்சே, குப்பைதான் சார். தள்ளி உக்காருங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஆய்வுப் பொருளான, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் கணக்கை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் தலை நிமிராமல் அடித்தாள். இரண்டு அட்டவணைகள் மட்டும் அவருக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சாகிற நேரத்தில் புரோகிராமின் நினைவில் என்ன இருந்ததோ, அதை அப்படியே கொட்டி வைத்திருக்கும் ஃபைல்தான் கோர். காலையிலிருந்து அவர் அடித்த எழுத்தெல்லாம், அந்த இரண்டு அட்டவணைகளோடு, அதற்குள்தான் கிடந்தது. அது இருந்திருந்தால் ஒரே கட்டளையில் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

மழை விடும்போது, அலுவலகம் மூடுவதற்கு முன்பே, அந்த இரண்டு அட்டவணைகள் இல்லாமல் ஒருவழியாக அத்தியாயம் முடிந்தது.

"நன்றி சொல்ற பக்கத்துல உன் பேரையும் சேத்துக்கோம்மா" என்றார் ஆசிரியர்.

அவர் சொன்னதில் அதை மட்டும் அவள் அடிக்கவில்லை.