மறுப்பு ஏதும் வரவில்லை

தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். இணைப்பு இருந்தது.

வைத்துவிட்டார்.

மின்னஞ்சலும் வேலை செய்தது. சற்றுமுன் தனக்குத் தானே ஒன்று அனுப்பிப் பார்த்திருந்தார். உடனே வந்து சேர்ந்தது.

மதியத்துக்குப் பிறகு வந்தது அது ஒன்றுதான்.

ஆறு மணிக்குள் ஒரு நாடு, ஒரே ஒரு நாடு, மறுப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும். தீர்மானம் நின்றுவிடும். யாரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். ஊரில் கல்யாணப் பெண்ணுக்குத்தான் மௌனம் சம்மதம் என்பார்கள். இந்தக் கட்டடத்தில் நாடுகளுக்கும் அதே விதி.

அவர் எழுத முடியாது. அவர் ஒரு நாடு அல்ல.

இத்தனை நாடுகள் சேர்ந்த அமைப்புக்கு அவர் துணைத் தலைவர். தலைவர் வெளியூர் போகும் நாட்களில் மட்டும் தலைவர். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. எல்லாப் படத்திலும் இருப்பார். அவரைப் பார்ப்பதற்காக யாரும் ஆல்பத்தைத் திறப்பதில்லை.

தலைவர் இப்போது ஏதோ ஒரு கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்.

தீர்மானம் சின்னது. எல்லைப் பள்ளத்தாக்கிலிருந்து கண்காணிப்புக் குழுவைத் திரும்ப அழைத்துக்கொள்வது. குழு என்றால் ஏழெட்டுப் பேர், ஒரு வெள்ளை வண்டி. காலையில் வண்டி முன்னே போகும். ஊர் சனம் பின்னே நடக்கும். இரண்டு பக்க மலைகளிலும் துப்பாக்கிகள் சும்மா இருக்கும். அக்ரூட் காய்களைப் பொறுக்கிக்கொண்டு, மாலையில் வண்டிக்குப் பின்னாலேயே வீடு திரும்புவார்கள்.

போன வருடம் வண்டி பழுதாகி நின்ற அன்று, அந்த ஊர் அண்ணன் தம்பி இருவர் காத்திருக்க மாட்டாமல் தனியே போனார்கள். மறுநாள் அவர்களை அந்த வண்டியில்தான் எடுத்துவர வேண்டியிருந்தது.

தீர்மானத்தில் குழுவுக்கு நன்றி சொல்லும் பத்தி அவர் எழுதியது. நன்றாக வந்திருந்தது. நினைத்தால் அருவருப்பாக இருந்தது.

பூனைக்கு மணி கட்ட ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு தீவு நாட்டின் தூதர், நரைத்த அம்மாள். முந்தாநாள் விருந்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதுகிறேன் என்றார். இன்று மதியம் லிஃப்டில் பார்த்தபோது, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்ல மருத்துவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். ஒரு தைலம் சொன்னார். தன் தளம் வரும்வரை மூட்டைப் பற்றியே பேசினார்.

அவ்வளவு அக்கறை எதற்கென்று இவருக்குப் புரிந்துவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே கொடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காவலர் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, புடவை மடிப்பதுபோல் மடித்தார்கள்.

வீட்டில் போர்வையை அவர் தனியாகத்தான் மடிக்கிறார். மனைவி போனதிலிருந்து அப்படித்தான். சரியாக வருவதே இல்லை.

தொலைபேசி அடித்தது.

பாய்ந்து எடுத்தார்.

எந்த நாடும் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து தயாளினி. யாழ்ப்பாணத்துப் பெண், குழுவின் பொறுப்பாளர்.

"சேர், ஆராவது எழுதினவையே?"

"இன்னும் இல்லம்மா."

"ஒரு நாள் தள்ளிப்போட ஏலாதே? நாளைக்கு ஒருக்காப் போனால் மிச்ச மரங்களையும் உலுப்பிப் போடுவினம். சனம் இஞ்ச வாசலிலதான் நிக்குது."

"பார்க்கிறேன்."

நன்றி சேர் என்று வைத்துவிட்டாள். அவர் பார்க்கிறேன் என்றால் உண்மையிலேயே பார்ப்பார் என்று நம்புகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். அது பொய். முடியும்.

முடிவுக் கடிதம் போகும்வரை, கெடுவை ஒரு நாள் தள்ளிவைக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. தலைவர் இல்லாதபோது துணைத் தலைவருக்கு உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் கிடைத்தால் மிச்ச மரங்களையும் உலுக்கிக் காய்களை எடுத்துவிடுவார்கள். எங்காவது ஒரு தூதருக்கு இரவில் தூக்கம் கெட்டு, மனசும் மாறலாம்.

இதுவரை எந்தத் துணைத் தலைவரும் அப்படிச் செய்ததில்லை.

வசந்தத்தில் தலைவர் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்ற பேச்சில், தீர்மானத்தைக் கொண்டுவந்த இரண்டு பெரிய நாடுகளும் இவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வெளிப்படையாக அல்ல. அவற்றின் தூதர்கள் இவரைப் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் அவரைப் பார்த்துச் சிரித்து நாளாகிவிட்டது.

ஆறு அடித்தது.

கதவைத் தட்டிவிட்டு உதவியாளர் எலேனா உள்ளே வந்தாள். கையில் எல்லா நாடுகளுக்கும் போக வேண்டிய கடிதத்தின் பிரதி. மேஜைமேல் வைத்தாள்.

'மறுப்பு ஏதும் வராததால்' என்று தொடங்கியது.

"மாற்றம் ஏதும் உண்டா? இல்லையென்றால் அனுப்பிவிடுகிறேன்."

அவர் கடிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு நாள் தள்ளிவையுங்கள் என்றால் அவள் ஏன் என்று கேட்கமாட்டாள். திரும்பிப் போய்த் தள்ளிவைப்பாள்.

கடிதத்தின் விளிம்பை மேஜையின் விளிம்போடு நேராக்கினார்.

எலேனா நல்ல பழக்கம் உள்ளவள். மேலதிகாரி யோசிக்க நேரம் கொடுப்பாள். கொடுத்தாள்.

பிறகு, "நன்றி, சார்" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.