தலையில் அடிபட்டால் ஒரு வாரம்

"ஏலே, இது எத்தனை விரல்?"

"மூணு, டீச்சர்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்." நெற்றிப் புடைப்பில் ஐஸ் கட்டியை அழுத்தியபடியே கணேஷ்ராம் கெஞ்சினான். "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். சனிக்கிழமை திசையன்விளையில கபடி ஃபைனல். நான் போகலைன்னா நம்ம டீம் தோத்துரும்."

"தலையில அடிபட்டா ஒரு வாரம் கிரவுண்டு பக்கமே போகக் கூடாது. விதின்னா விதிதான்." தலைமையாசிரியை பிரம்மநாயகி அவனை ஆறாம் வகுப்பிலிருந்தே அறிந்தவர். அவன் கண்ணைக் கசக்கினால் மசிகிற ஆள் இல்லை.

"இந்த ஒரு தடவை விட்டுருங்க டீச்சர்."

"எப்படிலே விட? போன வாரம் பிரேயர்ல மைக்கைப் பிடிச்சு அந்த விதியைப் போட்டதே நீதான். தலையில அடிபடாம எப்படி விழணும்னு பயலுவளுக்குச் செஞ்சு காட்டுதேன்னு இன்னைக்கு விழுந்ததும் நீதான்!"

பி.டி. மாஸ்டர் கணேஷ்ராம் வெளியே வந்தான். தலையில் அடிபட்டதால் அவனே ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்திருந்த இரண்டு மாணவர்கள், வராந்தா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து செல்போனை எடுத்தான்.

"அதையும் பாக்கக் கூடாது சார். நீங்கதான் சொன்னீங்க" என்று ஒருவன் பவ்யமாகக் கையை நீட்டினான்.