கடைக்கு ஒரு காவல் நாய்

“வீட்டு நாய்க்கு ஆகுற செலவையெல்லாம் கடைக் கணக்குல எழுதியிருக்கீங்க,” என்றார் வருமான வரி அதிகாரி. “இதைத் தள்ளிட்டு வரி போட்டுடுவேன்.”

பெயின்ட் கடை முதலாளி பதறினார். “சத்தியமா கடை நாய்தான் சார். அஞ்சு வருஷமா இங்கேயே காவல் காக்குது.”

“காவலா? என் காலை நக்கிட்டு இருக்கு.”

“நீங்க மூணு நாளா வர்றீங்களே சார். கடைக்கு மூணு நாள் சேர்ந்தாப்ல வந்துட்டா அது ஆளை மறக்காது. புது ஆளா இருந்தாத்தான் விடாது.”

அந்த நேரம் பார்த்துக் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன் உள்ளே நுழைந்தான். நாய் பாய்ந்துபோய் அவன் பேன்ட்டைக் கவ்வியது. அவன் அலறிக்கொண்டு மேசை மேல் ஏறினான்.

“சரி, ஒத்துக்கறேன். கடை நாய்தான்,” என்று அதிகாரி டிக் அடித்தார்.

முதலாளி அவசரமாகக் கணக்குப் புத்தகத்தை மூடப் பார்த்தார்.

“நாயைப் பிடிங்க மாமா,” என்றான் மேசை மேல் நின்றவன். “மேனேஜர் இன்னிக்குக் கண்டிப்பா சீட்ல இருக்கணும்னு நீங்கதானே போன் பண்ணீங்க?”

அதிகாரி மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினார்.

“மேனேஜர் சம்பளம், மாசம் எண்பதாயிரம். இவருக்கும் அஞ்சு வருஷம்னுதான் போட்டிருக்கு.”