அரைநாள் லீவு

“வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆவுல, அதுக்குள்ள இன்னாய்யா லீவு?” செஞ்சி மணிலாக்கொட்டை மில்லின் மேஸ்திரி எரிந்து விழுந்தார்.

“மாதா கோயில் தெரு மதலைமுத்து ஐயா தவறிட்டாருங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்க” என்றான் காஸ்பர். கண்கள் கலங்கியிருந்தன.

“நீ போவலன்னா பொணம் கெளம்பாதா? வேலை போயிடும், பார்த்துக்க.”

“போனாலும் போவட்டுங்க.”

மேஸ்திரியின் குரல் இறங்கியது. “ரொம்ப நெருங்கின சொந்தமா?”

“அவரு மொகத்தக்கூடப் பார்த்ததில்லைங்க.”

“அப்புறம் எதுக்குய்யா அழுவுற?”

காஸ்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ரங்கூனை விட்டுட்டு இந்த ஊருக்கு வந்து ஒம்போது மாசம் ஆவுதுங்க. எத்தினியோ சாவு எங்க வாசலைத் தாண்டிப் போச்சு, ஒருத்தரும் கூப்புடல. இன்னிக்குத்தான் மொத தடவையா எங்க கதவையும் தட்டி சாவு சொன்னாங்க.”